வெளிச்சத்தையே பார்க்கச் சொல்லுங்க

– இன்னொரு தடவை தட்டுங்கம்மா. கண்ணு ஓரமா ஓடுது.

– தட்டிட்டேன் டாக்டர். ஒரு தட்டுன்னா வெளிச்சத்தைப் பாரு, ரெண்டு தட்டுன்னா அசையாதே, மூணு தட்டுன்னா முடிஞ்சுது. நர்ஸம்மா காலையிலேயே எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்துட்டாங்க. காது கேக்காத மனுஷனுக்கு இன்னிக்குப் பொண்டாட்டி கைதான் காது.

– ஆங், வந்துருச்சு. அப்படியே இருக்கட்டும்.

– ஊசி போடாம, வெறும் சொட்டு மருந்தை விட்டுட்டுக் கண்ணைக் கீறுறீங்களே, வலிக்காதா?

– வலிக்காது. தொடுறது லேசாத் தெரியும், அவ்ளோதான். கண்ணு மரத்திருக்கே தவிர, நல்லா அசையும். அதனாலதான் வழக்கமில்லாம உங்களை உள்ள விட்டேன். வலிச்சா உங்க கையை அழுத்துவாரு. அழுத்துறாரா?

– இல்ல, சும்மா பிடிச்சிருக்காரு. இந்தக் கையைத் தொட்டே ஆறு மாசம் ஆச்சு, கேட்டுக்கோங்க.

– ஏன், சண்டையா?

– மகளை என் இஷ்டத்துக்கு வெளியூர் வேலைக்கு அனுப்பிட்டேன். இவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. தப்புதான். அன்னிலருந்து சமையல்கட்டு ஜன்னல்கிட்ட நின்னு, மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோன்னு சைகையில சொல்லிச் சொல்லிக் கையே ஓய்ஞ்சுபோச்சு. பொசுக்குன்னு முகத்தைத் திருப்பிக்கிறாரு. கல்நெஞ்சுக்காரரு!

– ரெண்டு தட்டு தட்டுங்க, லென்ஸ் வைக்கிறேன்... அந்த ஜன்னல் உங்களுக்குப் பின்னாலயா இருக்கு?

– ஆமா.

– அந்த வெளிச்சம் கண்ணுல குத்தியிருக்கும்மா. புரை முத்தினா அப்படித்தான் கூசும். அதான் திருப்பியிருக்காரு.

– நீங்க வேற! கார் சீட்டு தைக்கிறவரு, நீல சீட்டுக்குப் பச்சை நூலைப் போட்டுட்டாருன்னு முதலாளிதான் இங்க அனுப்பினாரு. சரி, நூல் தெரியாமப் போகலாம். இவ்ளோ பெரிய பொம்பளை தெரியாமலா போவேன்?

– நீங்க தெரிஞ்சிருப்பீங்க. உங்க விரல் தெரிஞ்சிருக்காது. ரெண்டு கண்ணுலயும் புரை அவ்ளோ இருக்கு.

– அப்போ... நான் சொன்னது ஒண்ணுமே...?

– அழாதீங்கம்மா. கையை அசைக்காதீங்க, தட்டுறீங்கன்னு நினைச்சுக்கப் போறாரு.

– கிட்டப் போயி ஒரு தடவை தொட்டுச் சொல்லியிருக்கலாமே, பாவி நான். வீம்பு. வேறென்ன, வீம்புதான் டாக்டர்.

– லென்ஸ் உக்காந்துருச்சு. அவ்ளோதான். மூணு தட்டு தட்டிடுங்க.

– தட்டிட்டேன்... இருங்க, உள்ளங்கையில விரலால எழுதுறாரு.

– என்னவாம்? வலிக்குதாமா?

– இல்ல டாக்டர். ‘ஆறு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் எங்கூடப் பேசியிருக்கே. நான் என்ன தப்புப் பண்ணேன்?’னு கேக்குறாரு.