இன்றே மாறுங்கள், இலவசம்

— எடுக்கமாட்டேன்னு நான் சொல்லல வக்கீலம்மா. ஏன் எடுக்கணும்னு ஒரு காரணம் சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்.

— முதல்ல எடு. காரணம் பின்னால வரும்.

— கோர்ட்டுல இப்படிப் பேசினா ஜட்ஜ் விடுவாரா?

— இது கோர்ட்டு இல்ல தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல ரெண்டு ரூம், ஒரு பாத்ரூம். இங்க நான் சொன்னா சொன்னதுதான். நம்ம வெப்சைட்டுல அந்த மஞ்சள் பட்டை இனிமே இருக்கக்கூடாது.

— சத்தியமா சொல்றேன், இந்த வெப்சைட்டுல நான் செஞ்ச உருப்படியான காரியமே அதுதான். நீங்களே படிச்சுட்டு நல்லாயிருக்குன்னு சொன்னீங்க. "உங்கள் பிரவுசர் உங்களைக் காட்டிக் கொடுக்கலாம். பாதுகாப்பான பிரவுசருக்கு இன்றே மாறுங்கள், இலவசம்." எத்தனை தடவை அடிச்சு அடிச்சு எழுதினேன் தெரியுமா?

— சொன்னேன். அப்ப எனக்கு பிரவுசர்னா என்னன்னே சரியாத் தெரியாது. இன்டர்நெட்டுக்குள்ள போற கதவு மாதிரின்னு நீ சொன்னே, நானும் பெரிய மனுஷியாட்டம் தலையாட்டினேன்.

— கதவுதான். நம்ம பக்கத்துக்கு வர்ற பொம்பளைங்க யாரு? வீட்டுல அடி வாங்கறவங்க. புருஷன் இல்லாத நேரமாப் பார்த்து, பயந்து பயந்து எட்டிப் பாக்கறவங்க. பாதிப் பேர் வீட்டுல ஆதி காலத்து பிரவுசர். எங்க போனாங்க, என்ன தேடினாங்க, எல்லாத்தையும் அது பத்திரமா வச்சிருக்கும். புருஷன்காரன் வந்து ரெண்டு தட்டு தட்டினா மொத்தக் கதையையும் கக்கிடும். நான் சொல்ற பிரவுசர் அப்படிக் கிடையாது. எங்கெங்கயோ இருக்கறவங்க சம்பளம் வாங்காம உக்காந்து எழுதினது. காசு வேணாம், விளம்பரம் வராது, மூடினா தடயமே இருக்காது. இதைச் சொல்லிக் குடுக்கறது தப்பா?

— தப்புன்னு நான் எங்க சொன்னேன்?

— பின்ன?

— உன் பட்டையப் படிச்சுட்டு ஒருத்தி மாறினா.

— பார்த்தீங்களா! இதைத்தான் நான்...

— சந்தோஷப்படாத. நான் கேக்கறதுக்கு பதில் மட்டும் சொல்லு. இந்த பிரவுசரை ஒரு கம்ப்யூட்டர்ல புதுசாப் போட்டா, திரையில என்ன மாறும்?

— ஒண்ணும் மாறாது. எல்லாம் வழக்கம் போலதான். ஒரு ஐகான் வரும், அவ்வளவுதான்.

— ஐகான்னா?

— சின்னதா ஒரு படம். அதை அமுக்கினா பிரவுசர் திறக்கும்.

— முந்தின நாள் வரைக்கும் அங்க இல்லாத படம்.

— ம்.

— புருஷன் வேலை முடிஞ்சு வந்து கம்ப்யூட்டரைப் போடறான். அவன் கண்ணுல முதல்ல எது படும்?

— வக்கீலம்மா...

— பதில் மட்டும்.

— அந்தப் படம்தான்.

— இப்ப புரியுதா நான் ஏன் எடுக்கச் சொல்றேன்னு?

— கடவுளே. யாரு அவங்க? என்ன ஆச்சு அவங்களுக்கு? இருக்காங்கல்ல?

— இருக்கா. தண்ணியக் குடி முதல்ல. மூஞ்சி வெளுத்துப் போச்சு பாரு உனக்கு. நம்ம வெப்சைட் அரட்டைக்கு ரொம்ப நாளா வந்துக்கிட்டு இருந்தவதான். வாஷிங் மெஷின் ஓடற நேரத்துல வருவா, மெஷின் நின்னதும் போயிடுவா. பேர் சொன்னதே இல்ல.

— "மெஷின் அம்மா"ன்னு நீங்க ஒரு தடவை சொன்னீங்களே, அவங்களா?

— அவளேதான். அவ என்ன எழுதுவான்னு நீ பார்த்திருக்கியா?

— நான் எப்படிப் பாப்பேன்? அந்த அரட்டைப் பெட்டிய உங்களைத் தவிர யாரும் திறக்கக்கூடாதுன்னு பூட்டினதே நான்தான். நானே பார்த்தா அப்புறம் என்ன மரியாதை?

— அதுல நீ யோக்கியன், ஒத்துக்கறேன். மொதல்ல சின்னச் சின்னக் கேள்வியாத்தான் கேட்டா. "ஒரே ஒரு தடவை அறைஞ்சா அதையும் அடின்னு கணக்குல எடுத்துக்குவாங்களா?" அப்புறம் ஒரு நாள், "என் போனை தினமும் வாங்கிப் பாக்கறார், அதுக்கு ஏதாவது பேர் இருக்கா?"ன்னா. நான் பதில் அடிச்சு முடிக்கறதுக்குள்ள மெஷின் நின்னிருக்கும், ஆளைக் காணோம்.

— வந்து கூட்டிட்டுப் போறோம்னு சொல்லலையா நீங்க?

— சொல்லாம இருப்பேனா? அவ வரல. அவன் குடிகாரன் இல்ல தம்பி. சத்தம் போட்டுப் பேசமாட்டானாம். அக்கம்பக்கத்துல கேட்டா தங்கமான மனுஷன்னுவாங்களாம். சிரிச்ச முகமாவே இருப்பானாம். அந்தச் சிரிப்புக்குத்தான் அவ நடுங்கிக்கிட்டு இருந்திருக்கா.

— புதுப் படத்தைப் பார்த்துட்டு அடிச்சானா?

— உடனே அடிக்கல. அதுதான் விஷயமே. "இது என்ன?"ன்னு கேட்டிருக்கான், இவ "தெரியல"ன்னுட்டா. சரி, தெரிஞ்சவனையே கேப்போம்னு அவளைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, அவ கூடப்பொறந்த தம்பிக்குப் போனைப் போட்டிருக்கான். அந்தத் தம்பி கம்ப்யூட்டர் படிச்சவனாம்.

— தம்பி அப்பவாவது சுதாரிச்சிருக்கணுமே?

— எங்க? ஸ்பீக்கர்ல போட்டு அவ காதுபடவே எல்லாம் நடந்திருக்கு. அந்தத் தம்பி புட்டுப் புட்டு வச்சிருக்கான். இது எதுக்கு, இதுல என்னென்ன வசதி, எதையெல்லாம் மறைக்கலாம், ஒண்ணு விடாம.

— மடையன்! மூளைய அடகு வச்சுட்டானா அவன்? மச்சான் கேக்கறானேன்னு வாயைத் திறந்தா, அந்த வீட்டுல அக்கா இருக்காளேன்னு நினைப்பு வராது? இவனை மாதிரி ஆளுங்களாலதான் வக்கீலம்மா நம்ம வேலையே வீணாப் போகுது. சத்தியமா, அவன் மட்டும் என் கையில கெடைச்சா...

— திட்டாத தம்பி.

— திட்டாம கொஞ்சவா சொல்றீங்க?

— திட்டாதன்னு சொல்றேன்ல.

— சரி, திட்டல. அப்படி என்னதான் சொன்னான் அந்த மகராசன்?

— புருஷன் கேட்டது, "புதுசா ஒரு படம் வந்து உக்காந்திருக்கே, என்ன இது?" அதுக்கு இவன், "சபாஷ்! ஒரு வழியா நீங்களும் மாறிட்டீங்களா! நான் தலைதலையா அடிச்சுக்கிட்டப்ப கேக்கல"ன்னு சிரிச்சிருக்கான். "இதுல தனி ஜன்னல் ஒண்ணு இருக்கு, அதுல என்ன பார்த்தாலும் மூடினதும் போயிடும்"னு பெருமையா வேற சொல்லியிருக்கான். "அப்ப எதையாவது மறைக்கணும்னா இதைப் போடுவாங்கன்னு சொல்லு"ன்னு புருஷன் கேட்டதுக்கு, "அதுக்குன்னே செஞ்சதுதான்"னுட்டு... என்ன தம்பி, எழுந்து நிக்கறே?

— அந்த வீட்டுல... கம்ப்யூட்டர் எங்க இருக்கு?

— எதுக்குக் கேக்கற?

— இந்தத் தடவை நீங்க பதில் மட்டும் சொல்லுங்க. மாடிப்படிக்கு அடியில, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயா?

— ஆமா.

— ஒயர் போக சுவத்துல ஓட்டை போட்டு, ஓட்டை பெருசாப் போயி, அதுல பழைய காலண்டர் அட்டைய ஒட்டி...

— அட்டை எனக்குத் தெரியாது. மாடிப்படிக்கு அடியிலன்னு சொன்னா.

— ஓட்டை போட்டது நான் வக்கீலம்மா. அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் குடுத்து அங்க மாட்டி வச்சதே நான்தான். சபாஷ்னு சொன்னதும் நான்தான். போன வாரம் பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் பேசினேன். அத்தான் பிரவுசரைப் பத்திக் கேக்கறாரேன்னு எனக்குத் தலைகால் புரியல. பஸ்ஸுல இருக்கறவங்க திரும்பிப் பாக்கற மாதிரி சத்தமாப் பேசினேன். அவர் சிரிச்சார். நானும் சிரிச்சேன்.

— உக்காரு.

— உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?

— நேத்துதான் தெரியும். "இங்க கம்ப்யூட்டர் பாக்கற பையன் தினமும் வருவானா"ன்னு கேட்டா. ஏம்மான்னு கேட்டேன், சொன்னா. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டா. நான் விடல. பட்டைய எடுன்னு மட்டும் சொன்னேன், மீதியெல்லாம் நீயாக் கேட்டு வாங்கினே.

— அக்காவுக்கு என்ன ஆச்சு? மறைக்காதீங்க.

— வலது மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. அந்த போனுக்கப்புறம் ரெண்டு நாள் அவன் ஒண்ணுமே கேக்கலையாம். மூணாம் நாள் அந்த பிரவுசரைத் திறக்கச் சொல்லி, "எங்கெல்லாம் போனே, நீயே காட்டு"ன்னிருக்கான். காட்ட அதுல எதுவும் இல்லையே. நீ சொன்ன மாதிரியே எல்லாம் துடைச்சுப் போயிருந்துச்சு. எதுவும் இல்லாததே அவனுக்குச் சாட்சியாப் போச்சு. மவுஸ் மேல இருந்த கையை அப்படியே பிடிச்சு...

— போதும்.

— ஆஸ்பத்திரிக்கு அவனே கூட்டிட்டு வந்திருக்கான், இவ படியில விழுந்துட்டான்னு சொல்லி. எக்ஸ்ரே எடுக்கற ரூமுக்குள்ள அவனை விடல. அங்க இருந்த நர்ஸுக்கு நம்மளைத் தெரியும். பின் வாசல் வழியா ஆட்டோ வச்சுக் கூட்டிட்டு வந்தோம்.

— அவனை நான் சும்மா விடப்போறதில்ல.

— எங்க கிளம்பறே? உக்காருன்னு சொன்னேன்! நீ போய்க் கைய வச்சா கேஸ் அவன் மேல நிக்காது, உன் மேலதான் நிக்கும். அவன் சிரிச்ச முகமா சாட்சிக் கூண்டுல ஏறி, என் மச்சினன் கொஞ்சம் முன்கோபி சார்னு சொல்லிட்டுப் போவான். அதுக்கா நான் மனு எழுதிக்கிட்டு இருக்கேன்?

— அம்மா போனப்ப எனக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது வக்கீலம்மா. கட்டிவிட்டது அக்காதான். எனக்காக ரெண்டு வருஷம் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டா. இந்த வேலைக்கு வர்றேன்னு அவ ஒருத்திகிட்டதான் சொன்னேன், அத்தானுக்குக்கூடத் தெரியாது. "நல்ல காரியம்டா, விடாதே"ன்னு சொன்னா. அன்னிக்கு அவ சிரிச்சுக்கிட்டுதான் சொன்னா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்பவே ஆரம்பிச்சிருக்குமா?

— இருக்கும்.

— ஏன் என்கிட்ட சொல்லல? ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் அழுது தீர்க்க ஒரு பெட்டி செஞ்சு வச்சேன். எங்க அக்கா அதுலயே வந்து, பேர் சொல்லாம, யாரோ மாதிரி...

— உன்னை அவ வளர்த்திருக்கா. வளர்த்தவங்களுக்கு அது வராது தம்பி. நான் எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன்.

— பட்டைய எடுத்துடறேன். இப்பவே எடுக்கறேன். இனிமே யாருக்கும் நான் எதையும் மாத்துங்கன்னு சொல்லப்போறதில்ல. ச்சே, பாஸ்வேர்டைக்கூட தப்புத் தப்பா அடிக்கறேன்.

— எடுக்காதடா.

— ...அக்கா?

— நீ ஏம்மா எழுந்து வந்தே? உள்ள படுத்திருன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்.

— இவன் குரல் கேட்டுச்சு வக்கீலம்மா. படுக்க முடியல. டேய் குட்டி, அழாதடா. மூக்கு சிந்து மொதல்ல.

— அக்கா, கை...

— கையைப் பாக்காத. மூஞ்சியப் பார்த்துப் பேசு. கட்டு ஆறு வாரத்துல பிரிச்சுடுவாங்களாம். அந்தப் பட்டை இருக்கட்டும். எவளாவது ஒருத்தி அதைப் படிச்சுத் தப்பிப்பா. வேணும்னா அந்தப் படத்தை எப்படி ஒளிச்சு வைக்கறதுன்னு கூட ரெண்டு வரி சேர்த்து எழுது.

— அதை நான் முதல்லயே எழுதியிருக்கணும்க்கா. எழுதியிருந்தா உனக்கு இந்த நிலைமை வந்திருக்காது. புத்தி கெட்டுப் போய் விட்டுட்டேன். எல்லாம் என்னாலதான்.

— எனக்கு எதுக்குடா அந்த வரி? அந்த மாடிப்படிக்குக் கீழ ஸ்டூல் போட்டு உக்கார வச்சு எல்லாம் நீதானே சொல்லிக் குடுத்தே. இழுத்துக் குப்பைத்தொட்டிப் படத்துல போட்டா போச்சு. எனக்குத் தெரியும்.

— தெரிஞ்சுமா விட்டே? மறந்துட்டியாக்கா?

— மறக்கல. அவருக்குப் புரியாத ஒண்ணு அந்தத் திரையில வந்தா உனக்குத்தானே போன் பண்ணுவாரு. என் வாயால உன்கிட்ட சொல்ல வரல. "நீங்க போடலேன்னா அக்காவா போட்டா? அவளுக்கு எதுக்கு இது?"ன்னு நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு, அவர் பக்கத்துல உக்காந்து காத்துக்கிட்டே இருந்தேன்டா.