லண்டன் வானத்தின் ஆறரை மணி

மதிய ரயிலில் நெமிலிச்சேரியில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். மடியில் லேப்டாப் வைத்திருந்த சின்னவள் சொன்னதைக் கேட்டு நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

"லண்டன் வானத்துல சாயங்காலம் ஆறரைக்குத்தான் எலக்ட்ரான் எண்ணிக்கை உச்சத்துல இருக்கு அண்ணி. இன்னிக்கு காலேஜ்ல நான் பேசப் போறதே இதுதான்."

"வெயில்தான் அதை உண்டாக்குதுன்னு நீதானே சொன்ன? அப்ப மத்தியானம்ல கூடணும்?"

"அதான் என் கண்டுபிடிப்பே!"

அண்ணியின் கழுத்தில் ஐ.டி. கம்பெனி அட்டை தொங்கியது. "லண்டன் கிளையன்ட்டோட தினம் ராத்திரி வரைக்கும் மாரடிக்கிறேன். நமக்கு ஆறரைன்னா அவங்க சாப்பிடப் போயிடுவாங்க. அங்க மணி ஒண்ணு. நீ எந்த ஊர் மணியப் போட்ட?"

"டேட்டா எல்லாம் லண்டன் மணியிலதான் வரும், எப்பவும் போல அஞ்சரை மணி நேரம் கூட்டி..." சின்னவள் நிறுத்தினாள். "ஐயோ, அது நம்ம ஊர் டேட்டாவுக்குல்ல கூட்டணும்!"

திருமுல்லைவாயில் வரை கீபோர்டு சத்தம்தான் கேட்டது.

"இன்னிக்குப் பேசலைன்னு சொல்லிடேன்" என்றாள் அண்ணி.

"எதுக்கு? டேட்டா சுத்தமா இருக்கு. கூட்டினதக் கழிச்சேன், உச்சம் மத்தியானத்துக்கு வந்துடுச்சு. முதல் ஸ்லைடுலயே என் தப்பக் காட்டிட்டுத்தான் ஆரம்பிக்கப் போறேன். ஆனா அண்ணி, மூணு மாசமா ஒரே வீட்டுல இருக்கோம். இதை முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா?"

அம்பத்தூரில் இறங்க அண்ணி எழுந்தாள். "எங்கடி கேக்கறது? நீ வீட்டுக்கு வர்ற நேரத்துல நான் லண்டன்லல்ல இருக்கேன்!"