நடந்தவரோ என்று கேட்டார்கள்

படுத்தபடி தேநீர் குடிக்க எமிலியானுசுக்குத் தெரியாது. சேட்டெல்லாம் ஊற்றிக்கொள்வார். அதனால் நான் கரண்டியால் பருக்கினேன். கலியாணம் கட்டிய இத்தனை காலத்தில் அவர் என் கைக்கு வாய் திறந்தது அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான்.

தாதி தர்சனாவில் பிழையில்லை, ஐயா. அதைச் சொல்லத்தான் இந்த விசாரணைக்கு வந்தேன்.

நிமோனியாக் காய்ச்சலோடு என் கணவரைச் சேர்த்த அன்றே அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள். அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டியாகும். அது நெஞ்சுக்கு ஏறினால் உயிர் போகும். எழும்பி நடக்காதவருக்குத் தினமும் வயிற்றில் ஊசி போடுவது அவர்களுடைய விதி. நடமாடுகிறவருக்குத் தேவையில்லை.

ஊசி போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது.

"எழும்பினவுடன அனலைதீவுக்கு ஒருக்காப் போகவேணும்" என்றார்.

அங்கே அவருக்கு இன்னொருத்தியும் இன்னொரு குசினியும் உண்டு. ஊருக்கே தெரியும்.

மறுநாள் தர்சனா வந்தாள். "அக்கா, அண்ணை நடந்தவரோ?"

இல்லை என்று சொன்னால் அவளே பிடித்து நடத்துவாள்.

"ஓம்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஓம் பிள்ளை, வேலணை மட்டும் நடந்துபோட்டு வந்தனான்."

படுத்த இடத்திலேயே மூத்திரம் போவதை ஒரு பெண்பிள்ளையிடம் சொல்ல அவருக்கு வெட்கம். மூத்திரப் போத்தலைத் துவாய்க்குள் மறைத்துக் கொண்டுபோனது நான்.

ஊசியை நிறுத்தினார்கள்.

"இன்னும் களைப்பு மாறேல்ல, கிடவுங்கோ" என்பேன். கிடந்தார். பக்கத்துக் கட்டில் யாக்கோப்பு, "மச்சான், உனக்கு ராசா யோகமடா" என்று பகிடி பண்ணுவார்.

ஒருநாள் கால் துடைக்கும்போது இடது கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. அழுத்தினேன். முகம் சுளித்தார். தர்சனா சொன்னது எனக்கு நினைவிருந்தது. போர்வையை இழுத்து மூடினேன்.

விடுகைத் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்ன காலை, புதுச் சேட்டுப் போட்டு எழுந்து நின்றார். கட்டில் சட்டத்தைப் பிடித்தார்.

"சுகந்தி, மூச்சு..." என்றார்.

செத்தவீட்டில், "மனுசனைக் கையில வைச்சுப் பாத்தவ" என்றார்கள். நான் தலை நிமிரவில்லை. இப்போதும் நிமிர முடியவில்லை.

அனலைதீவுக்காரி வந்து படலையடியில் நின்றாள்.

அவரைக் கொல்ல நான் நினைத்ததில்லை, ஐயா. சவப்பெட்டியை மூடியபோதும், இனி எங்கேயும் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன்.