ஆறு வீட்டுக்கு ஒரு பாத்ரூம்

விடியற்காலை நாலே கால் மணி. திண்டிவனம் பைபாஸில் காந்திமதியை இறக்கிவிட்டுக் கம்பெனி வேன் போய்விட்டது. அங்கிருந்து அரை கிலோமீட்டர்... ஏரிக்கரை ரோடு. விளக்கு கிடையாது. அன்றைக்கு ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. செல்போன் வெளிச்சத்தில் வேகமாக நடந்தாள்.

இந்தக் காந்திமதி, என்னோடு வேலை பார்க்கும் இளவரசியின் கூடப்பிறந்த அக்கா. இளவரசி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், சத்தமாகச் சொல்ல மாட்டேன்.

அவள் குடியிருந்தது லைன் வீடு. ஆறு குடும்பம், ஆளுக்கு ஒரு ரூம். பாத்ரூம் ஒன்று, சமையல்கட்டு ஒன்று, இரண்டும் எல்லாருக்கும் பொது. புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வெளியூர். நைட் ஷிப்ட் என்றால் நாலு வயது மகள் தமிழ்மொழியை அடுத்த ரூம் பாஞ்சாலியக்காவிடம் தூங்க வைத்துவிட்டுப் போவாள்.

கேட்டைத் திறந்தாள். பாத்ரூமில் லைட் எரிந்தது. சளப்... சளப்... தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம். பச்சை மஞ்சள் வாசனை. உள்ளே தமிழ்மொழி கலகலவென்று சிரித்தாள்.

ஐந்து மணி ஆனால் ஆறு வீட்டு வாளியும் அங்கே வரிசை கட்டிவிடும். அதற்குள் பிள்ளையைக் குளிப்பாட்டிவிடலாம் என்று பாஞ்சாலியக்கா கூட்டி வந்திருப்பாள் என்று நினைத்தாள்.

“அக்கா, பச்சத் தண்ணியா ஊத்துறீங்க? சளி புடிச்சிக்குங்க்கா.”

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்புறம் மறுபடியும்... சளப்.

டீ போடலாம் என்று சமையல்கட்டுக்குப் போனாள். அங்கே அடுப்பு முன்னால் பாஞ்சாலியக்கா நின்றுகொண்டிருந்தாள்.

காந்திமதி பாத்ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “அக்கா... பாப்பாவ யாரு குளிப்பாட்டிக்கினு இருக்கறது?”

பாஞ்சாலியக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “இன்னாடி கேக்கற? இப்பதான நீ வந்து கதவத் தட்டி அதத் தூக்கிக்கினு போன?”

இரண்டு பேரும் ஓடினார்கள். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மேல் தாழ்ப்பாள்... பிள்ளைக்கு எட்டவே எட்டாது. “தமிழு! தமிழு!” என்று கத்திக்கொண்டே காந்திமதி தோளால் இடித்தாள். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது.

உள்ளே பிள்ளை மட்டும் நின்றது. முகமெல்லாம் மஞ்சள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாளி காய்ந்திருந்தது. சுவர் காய்ந்திருந்தது. பிள்ளையின் காலடியைத் தவிரத் தரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

தமிழ்மொழி அம்மாவை நிமிர்ந்து பார்த்து, “நீ ஏம்மா திரும்ப வந்த?” என்று கேட்டாள்.

பொழுது விடிந்ததும் ரூமைக் காலி செய்துவிட்டார்கள். இப்போது விழுப்புரத்தில் இருக்கிறார்கள். ஓட்டை ஒடசல் வீடுதான், ஆனால் பாத்ரூம் தனி. அந்தக் காலையைப் பற்றிப் பிள்ளை வாய் திறந்ததில்லை. காந்திமதிக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

ஆனால் குளிக்கக் கூப்பிட்டால் தமிழ்மொழி உடனே வருவதில்லையாம். முதலில் குனிந்து, அம்மாவின் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறாள். விரல் நுழையவில்லை என்றால்தான்... உள்ளே வருகிறாள்.