கழுத்தில் மட்டும் இறகு

காலை ஆறே முக்கால். பிப்ரவரி மாதம். டாபின் முனைக்கு வெளியே மூன்று மைல்... கடலில் ஒரே ஒரு படகு. அதில் இரண்டு பேர் போனார்கள். திரும்பி வந்தது ஒருவர்.

அந்தக் கதவை நன்றாகச் சாத்து. அடுப்பில் இன்னொரு கட்டையைப் போடு. புயல் கம்பத்தைச் சாய்த்துவிட்டது, இன்றைக்குக் கரண்ட் வராது.

இதை எனக்குச் சொன்னவன் ரெக்ஸ். மீன் ஆலையில் என் பக்கத்து மேசையில் பதினோரு வருடம் மீன் வெட்டியவன். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். இதைச் சொன்ன அன்று காது வெளுத்திருந்தது.

ரெக்ஸின் சித்தப்பா ஹெட்லி. அவருடைய கூட்டாளி செஸ்லி. குளிர்காலம் பிறந்தால் இரண்டு பேரும் டர் என்கிற கடல்பறவை வேட்டைக்குக் கிளம்பிவிடுவார்கள். நம் நியூஃபவுண்ட்லாந்தில் யார்தான் போவதில்லை? கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, தண்ணீரைவிட்டு எழும்பத் திணறுகிற கொழுத்த பறவை. இருபத்தாறு வருடமாக ஹெட்லி எஞ்சினில். செஸ்லி முன்னால். சுடுவதும் அவர்தான், நீளக் கம்புள்ள கைவலையால் அள்ளுவதும் அவர்தான்.

அந்தக் காலை செஸ்லி வலையை எட்டி நீட்டினார். அலை படகைத் தூக்கிப் போட்டது. விழுந்துவிட்டார்.

"எஞ்சின் நின்னு போச்சு. கெளப்பறதுக்குள்ள ஆளக் காணோம்." ஊரில் ஹெட்லி சொன்னது இவ்வளவுதான். உடல் கிடைக்கவில்லை. சவப்பெட்டி இல்லாமலே தேவாலயத்தில் பாடி முடித்தார்கள். செஸ்லியின் மனைவி தெல்மா ஹெட்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களால முடிஞ்சத செஞ்சிருப்பீங்கண்ணே" என்றாள்.

மிச்சக் குளிர்காலம் ஹெட்லி துப்பாக்கியைத் தொடவில்லை. அடுத்த வருடம் உடம்பு அடங்கவில்லை. உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடை. கடைசியில் அவர் மனைவி வெர்னாவே சொன்னாள்: "தரை தேயுது. கடலுக்காவது போய்த் தொலைங்க."

ரெக்ஸைக் கூட்டிக்கொண்டு போனார். பதினான்கு பறவை. கொண்டுவந்து ஷெட்டில் வரிசையாக ஆணியில் தொங்கவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு இறகு பிடுங்கலாம் என்று வீட்டுக்குள் போனார்கள். பட்டப்பகல். மணி பன்னிரண்டரை.

பாதி சூப் குடித்திருப்பார்கள்... ஷெட்டிலிருந்து சத்தம்.

சரக்... சரக்... சரக்.

உங்களுக்கெல்லாம் தெரிந்த சத்தம்தான். இறகைக் கொத்தாகப் பிடித்து இழுக்கிற சத்தம்.

"யாரு பிடுங்கறது?" என்றாள் வெர்னா.

மூன்று பேரும் மேசையில்தான் இருந்தார்கள்.

போய்ப் பார்த்தால்... ஐந்து பறவை மொட்டையாகத் தொங்குகிறது. ஒன்று இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வாசல் பனியில் ரெக்ஸும் ஹெட்லியும் நடந்த தடம் மட்டும். தரையில் ஒரு இறகு இல்லை. ஒரு பஞ்சுத் தூவல்கூட இல்லை. டர் பிடுங்கினால் மூன்று நாள் மூக்குக்குள் இறகு இருக்கும், உங்களுக்குத் தெரியாததா? அங்கே எதுவும் இல்லை. ஈர ரப்பர் பூட்ஸ் வாசனை மட்டும்.

இன்னொன்றும் இருந்தது. ஐந்துக்கும் கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு இறகை விட்டிருந்தது. சட்டைக் காலர் மாதிரி. இந்தக் கரையில் அப்படிப் பிடுங்குகிறவர் ஒருவர்தான். "தொரை காலர் இல்லாம அடுப்புக்குள்ள போக மாட்டாரு" என்று செஸ்லி கேலி பண்ணுவார்.

ஹெட்லி கத்தியெடுத்து ஐந்து காலரையும் வழித்தெடுத்தார்.

வெர்னா முதலில் சிரித்தாள். "சும்மா வந்த வேலைக்காரன், வெரட்டிடாதீங்க." மறுவாரமும் அதே நேரம், அதே சத்தம். அதற்கடுத்த வாரமும். ஹெட்லி ஷெட்டுக்குள்ளேயே உட்கார்ந்து காத்தார். ஒன்றும் இல்லை. சிறுநீர் கழிக்க வெளியே வந்து கதவைச் சாத்தினார்... சரக். பூட்டுப் போட்டுப் பார்த்தார். சரக். கடைசியில் பறவைகளை இறகோடு மூட்டையாகக் கட்டி, வீட்டுக்குள் இருக்கிற டீப் ஃப்ரீசரில் போட்டு மூடி, மேலே இரண்டு மூட்டை உருளைக்கிழங்கை ஏற்றி வைத்தார்.

மறுநாள் பன்னிரண்டரைக்கு வெர்னா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஃப்ரீசருக்குள்ளிருந்து கேட்டது. அமுங்கலாக. அவசரமில்லாமல்.

சரக்... சரக்...

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. "இது என் அடுப்புல ஏறாது. யாருக்குச் சேரணுமோ அங்க கொண்டு போங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஹெட்லியும் ரெக்ஸும் தெல்மா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஹெட்லி கையில் ஃப்ரீசர் பறவைகள் இருந்த பை. தெல்மா பையைத் திறந்து பார்த்தாள். காலரை விரலால் தடவினாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று படுக்கையறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலில் இரண்டு தலையணை. ஒன்று சாதாரணமாக இருந்தது. மற்றது வெடிக்கிற மாதிரி உப்பியிருந்தது.

"இது அவரோடது. தொட்டது கூட இல்ல நான். ஒரு மாசமா வர வர உப்பிட்டே இருக்கு. ரெண்டு தடவ தையல் பிரிஞ்சு திரும்பத் தச்சேன்."

தையலோரத்தில் நகத்தால் நெம்பி ஒரு இறகை இழுத்தாள். கறுப்பு. மீன் எண்ணெய் நாற்றம் அடித்தது.

அவள் சமையலறைக்கு வந்து வேலையைப் பார்த்தாள். இறகின் அடிமுளையைத் தீயில் வாட்டி, கழுவி, வெங்காயம் நறுக்கி, உப்புப் பன்றிக்கொழுப்பை மேலே அடுக்கிப் பறவைகளை அடுப்புக்குள் தள்ளினாள். காலரை மட்டும் எடுக்கவில்லை. ரெக்ஸ் கவனித்தான்.

ஹெட்லியால் உட்கார முடியவில்லை. அடுப்புக்கும் கதவுக்கும் நடந்தார். தொப்பியைக் கழற்றினார், போட்டார். வெங்காயம் வேகிற வாசனை வீடு முழுக்க ஏறியது. பத்து மணி வாக்கில் திடீரென்று நின்றார்.

"தெல்மா... எஞ்சின் நிக்கல."

அவள் திரும்பவில்லை.

"வலக் கம்பப் பிடிச்சுட்டு, தல தண்ணிக்கு மேல தெரிய இருந்தான். பத்து பாகம் தூரம், அறுபது அடி இருக்கும். நடுவுல சுட்ட பறவ ரெண்டு மெதந்துச்சு. இழுப்புல போயிட்டிருந்துச்சு. அவன்தான் பிடிச்சிட்டிருக்கானே, போற வழியில கையாலயே அள்ளிடலாம்னு... ஒரு நிமிஷம். அவ்வளவுதான். நிமிந்து பாத்தா வல மட்டும் இருந்துச்சு."

தெல்மா அடுப்பைத் திறந்து, கரண்டியால் கொழுப்பை மொண்டு பறவைகள்மேல் ஊற்றினாள். சுர்ரென்றது.

"கூப்பிட்டாரா?"

"ஒரு தடவ."

"என்னன்னு?"

"என் பேரச் சொல்லி."

அவள் அழவில்லை. திட்டவில்லை. அடுப்பை மூடினாள். "பன்னெண்டுக்குச் சாப்பாடு. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.

பன்னிரண்டுக்கு மேசையில் நான்கு தட்டு வைத்தாள். உருளைக்கிழங்கு, டர்னிப், நடுவில் பறவைகள், கறுப்புக் குழம்பு. யாரும் கரண்டியைத் தொடவில்லை. வாசல் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. குளிர் தரையோடு ஊர்ந்து வந்து காலில் ஏறியது. அப்புறம் நடையில்... தொப். ஒரு பூட்ஸ். கொஞ்ச நேரம் கழித்து... தொப். இன்னொன்று. தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

"அண்ணே, கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க" என்றாள் தெல்மா. "அது அவர் நாற்காலி."

ஹெட்லி நகர்ந்தார்.

ரெக்ஸ் தன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சத்தியம் பண்ணிச் சொன்னான், ஒன்றையும் பார்க்கவில்லை என்று. காதைத்தான் மூட முடியவில்லை. நாற்காலி தரையில் உரசியது. முள்கரண்டி தட்டில் கீறியது. எலும்பை உறிஞ்சும் சத்தம். பல்லில் மாட்டிய துப்பாக்கி ஈய ரவையைத் துப்பித் தட்டோரத்தில் போடுகிற சத்தம். டிங்... டிங்.

"எங்கிட்ட சொன்னத அவர்ட்டயும் சொல்லுங்க" என்றாள் தெல்மா.

ஹெட்லி சொன்னார்.  எஞ்சின், பத்து பாகம், இரண்டு பறவை, ஒரு நிமிடம்... ஒன்றையும் மறைக்கவில்லை. முடித்தபோது கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. தெல்மா அந்த நாற்காலிப் பக்கம் தலையைச் சாய்த்தாள். மெதுவாகப் பேசுகிறவர் சொல்வதைக் கேட்கிற மாதிரி. தலையாட்டினாள்.

"இன்னொரு தடவ சொல்லச் சொல்றார்."

சொன்னார். திரும்பவும் தலை சாய்த்தாள். திரும்பவும் அதே வார்த்தை. நான்காவது தடவை ரெக்ஸ் எழுந்து வெளியே வந்துவிட்டான். சாலை முனை வரைக்கும் சித்தப்பாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்ததாம்.

இது நடந்து ஆறு குளிர்காலம் ஆகிவிட்டது. ஞாயிறு பன்னிரண்டு ஆனால் ஹெட்லி தெல்மா வீட்டில் இருப்பார். புயலானாலும் போவார். ஷெட்டில் சத்தம் நின்றுவிட்டது. போன கிறிஸ்துமஸுக்கு ரெக்ஸ் அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டான்.

"இன்னுமா சித்தப்பா அதையே சொல்லச் சொல்றாரு?"

"இல்லடா. சொன்னது போதும்னுட்டான்." ஹெட்லி கையுறையைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "இப்பக் கேள்வி கேக்கறான்."

"என்ன கேள்வி?"

"அந்த ரெண்டு பறவையும் ருசியா இருந்துச்சான்னு."