வெள்ளிக்கிழமை மட்டும் திறந்த கதவு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் சபைச் செயலாளர், பெருந்தகை திரு. பிரேம்நாத் அவர்களே! ஜெபித்து இக்கூட்டத்தைத் தொடங்கிவைத்த ஆயர் அவர்களே! நரைத்த தலையும் நிறைந்த நெஞ்சுமாய் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! ஆறு நாளும் ஷூ கம்பெனியில் தைத்துத் தைத்துத் தேய்ந்த விரல்களை ஏழாம் நாளும் மடியில் சும்மா வைக்காமல், என் பேச்சுக்காகக் கூப்பி வைத்திருக்கும் தாய்மார்களே! அழைப்பிதழில் பெயர் இல்லாவிட்டாலும் அன்பினால் வந்து பின்வரிசையை நிரப்பியிருக்கும் இஸ்லாமியச் சகோதரிகளே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் கிறிஸ்டினா. இறையியல் கல்லூரி ஒன்றில் எபிரேய மொழி கற்பிக்கிறேன். பிறந்த ஊர் இந்த ஆம்பூர்தான். உங்களோடு வேலை செய்கிற சவுரியம்மாள் எனக்குச் சித்தி. அதோ, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன் குனிந்திருக்கிறார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குத் தந்த தலைப்பு, 'வஞ்சித்தல் என்னும் எபிரேய வினைச்சொல்லும் வேதாகமத்தில் அதன் பயன்பாடும்'. தலைப்பைப் படித்ததுமே பாதிப் பேருக்குக் கண் சொக்கியிருக்கும். சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள். இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் முடியாது.

அந்தச் சொல் 'ரிம்மா'. பொய் சொல்வதற்கு எபிரேயத்தில் வேறு சொற்கள் இருக்கின்றன. தெரியாதவரிடம் பொய் சொல்லலாம், பகைவரிடமும் சொல்லலாம். ஆனால் ரிம்மா நடக்க வேண்டுமானால் எதிரே ஒருவர் நம்பி நிற்க வேண்டும். நம்பியவரை, அவர் நம்பிக்கையைக் கொண்டே கவிழ்ப்பதற்குப் பெயர்தான் ரிம்மா. அந்தச் சொல் வேதத்தில் யார் வாயில் வருகிறது தெரியுமா? ஏமாற்றியவன் வாயிலா? இல்லை. பார்த்துக்கொண்டிருந்தவர் வாயிலா? பெரும்பாலும் இல்லை. ஏமாந்தவர் வாயில் வருகிறது. அதுவும் பாதி இடங்களில் கேள்வியாகவே வருகிறது. 'லாம்மா ரிம்மீத்தானி?' ஏன் என்னை வஞ்சித்தாய்? அதிர்ந்துபோன ஒரு மனிதக் குரல், மூவாயிரம் ஆண்டுகளாக அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

கதைகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். பார்வை மங்கிய ஈசாக்கு, மூத்த மகனை ஆசீர்வதிக்கக் காத்திருக்கிறார். இளையவன் யாக்கோபு கைகளிலும் கழுத்திலும் வெள்ளாட்டுத் தோலைச் சுற்றிக்கொண்டு, மூத்தவனாக நடித்து வருகிறான். தகப்பன் தடவிப் பார்த்து ஏமாந்துபோகிறார். ஆம்பூரில் இது நடந்திருக்குமா? எங்கள் சித்தியைத் தடவச் சொல்லியிருந்தால், 'தம்பி, இது ஆட்டுத்தோலு, கையை எடு' என்று அங்கேயே சொல்லியிருப்பார்! உண்மை தெரிந்து நடுங்கிய ஈசாக்கு, அந்தக் காரியத்துக்கு வைத்த பெயரும் இதே வேரில் முளைத்த சொல்தான்.

ஏமாற்றிய யாக்கோபு ஊரைவிட்டு ஓடினான். மாமன் லாபானிடம் ஏழு ஆண்டுகள் உழைத்தான், ராகேலுக்காக உழைத்தான். கலியாணம் முடிந்து விடிந்து பார்த்தால், முக்காட்டுக்குள் இருந்தவள் அக்காள் லேயாள்! அப்போது அலறினான் யாக்கோபு. லாம்மா ரிம்மீத்தானி? ஏன் என்னை வஞ்சித்தீர்? லாபான் பதறினானா? மன்னிப்புக் கேட்டானா? அமைதியாகச் சொன்னான்: இளையவளை முதலில் கொடுப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. வழக்கம்! தாய்மார்களே, இந்த ஒரு சொல்லை மட்டும் முந்தானையில் முடிந்து வையுங்கள். திரும்பக் கேட்பேன்.

அடுத்தது கிபியோன் ஊரார். யோசுவாவின் படை வருகிறது என்று பயந்து, பக்கத்து ஊர்க்காரர்கள் தூர தேசத்தவராக வேடம் போட்டு வந்தார்கள். கையில் பூசணம் பூத்த அப்பம், கிழிந்து தைத்த தோல் பைகள், காலில் தேய்ந்து ஒட்டுப்போட்ட செருப்பு. பாருங்கள், வேதத்திலேயே செருப்பைக் காட்டி ஏமாற்றியிருக்கிறார்கள்! நம் ஃபினிஷிங் செக்‌ஷனிலும் புது ஷூவைப் பழசு மாதிரி காட்டப் பாலிஷ் போடுகிறோமே, அதைக் கேட்டு வாங்குகிறவனுக்காவது விவரம் தெரியும். யோசுவாவுக்குத் தெரியவில்லை. சமாதானம் என்று சபையறிய ஆணையிட்டுக் கொடுத்துவிட்டான். உண்மை வெளிவந்ததும் அவனும் இதே வினைச்சொல்லால்தான் கேட்டான். ஏன் எங்களை வஞ்சித்தீர்கள்? அவர்கள் சொன்ன பதில்: உயிருக்குப் பயந்தோம்.

ஆக, பதில்கள் இரண்டு. ஒன்று வழக்கம், மற்றொன்று பயம்.

இதுவரை நான் பேசியது, கல்லூரியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்த பேச்சு. இதற்கு மேலும் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை மடித்து வைத்துவிட்டேன். ஏனென்றால் இருபது ஆண்டுகளாக ஏட்டில் படித்த அந்தக் கேள்வியை, நேற்றுக் காலை ஒரு பெண்ணின் வாயிலிருந்து என் காதாலேயே கேட்டேன். எபிரேயத்தில் கேட்கவில்லை. குடியாத்தத்துத் தமிழில் கேட்டேன்.

நேற்று சனிக்கிழமை. ரயிலை விட்டு இறங்கி, வீட்டுச் சாவி வாங்குவதற்காகச் சித்தியின் கம்பெனி வாசலுக்குப் போனேன். கேட்டுக்கு உள்ளே, வலப்பக்கம், கிளியும் முயலும் வரைந்த ஒரு கதவு. மேலே 'குழந்தைகள் காப்பகம்' என்று அழகான எழுத்து. கதவில் பூட்டு. பூட்டுக்கு முன்னால் இடுப்பில் இரண்டு வயதுப் பெண்குழந்தையோடு ஓர் இளம்பெண். தோளில் தொங்கிய பையில் பால் புட்டி, மாற்றுச் சட்டை, மடித்த போர்வை. அவள் பெயர் முத்துமாரி. தையல் லைனுக்குப் புதிதாகச் சேர்ந்தவள். அவளைக் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன். 'சொல்லுக்கா, எல்லாருக்கும்தான் தெரியுமே' என்றாள். எல்லாருக்கும்தான் தெரியுமே!

அவள் காவலாளியிடம் கேட்கிறாள்: "ஆயம்மா இன்னும் வர்லியாண்ணா?"

"இன்னா ஆயம்மா? அது நேத்தோட முடிஞ்சிடுச்சிம்மா. ஆடிட்டுக்கு வந்தவங்க போய்ட்டாங்க இல்ல?"

"குழந்தைங்களைப் பாத்துக்குவாங்கன்னு சொன்னாங்களே?"

"நேத்து பாத்துக்கினாங்க இல்ல?"

வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பி, தொழிலாளருக்கு வசதிகள் உண்டா என்று பார்ப்பதற்குப் பெயர் ஆடிட். அதற்காக வெள்ளிக்கிழமை கதவு திறந்தது. தொட்டில் வந்தது. பொம்மை வந்தது. 'நாளையிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்' என்று வியாழக்கிழமையே தாய்மாருக்குச் சொல்லப்பட்டது. பழைய ஆட்களுக்கு இது தெரிந்த கூத்து. முத்துமாரிக்குத் தெரியாது. அவள் நம்பினாள். எந்த அளவு நம்பினாள்? குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகத் தீப்பெட்டி கம்பெனி வேலையை விட்டிருந்த தன் அக்காவிடம் வெள்ளிக்கிழமை மாலையே, 'இனிமே நீ உன் வேலைக்குப் போக்கா' என்று சொல்லிவிட்டாள். அந்த அக்காவும் நேற்றுக் காலை சந்தோஷமாக வேலைக்குப் போய்விட்டாள். முத்துமாரியோ புருஷன் துணை இல்லாத பெண். அவள் சம்பளத்தில்தான் மூன்று பேர் சாப்பிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லவே நா கூசுகிறது. ஆடிட் அன்று பிள்ளைகளின் காலில் சாம்பிள் ரூமிலிருந்து எடுத்த புது ஷூ மாட்டினார்களாம். வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனதும், ஒவ்வொரு காலிலிருந்தும் கழற்றிக்கொண்டார்களாம். முத்துமாரியின் குழந்தை ஒற்றை ஷூவை விடாமல் பிடித்துக்கொண்டு அழுததாம். விரலைப் பிரித்து வாங்கினார்களாம். பாதி உலகத்துப் பிள்ளைகளுக்கு ஷூ தைக்கிற ஊர் ஐயா இது!

இந்தச் சமயத்தில் காரிலிருந்து மேனேஜர் ஒருவர் இறங்கி வந்தார். முத்துமாரி சத்தம் போடவில்லை. குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன் சார் என்னை ஏமாத்துனீங்க?"

லாம்மா ரிம்மீத்தானி! கம்பிக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"இங்க எல்லாம் இதாம்மா வழக்கம். போகப் போகப் பழகிடும். திங்கக்கிழமை குழந்தை இல்லாம வா. இல்லன்னா வராத."

முந்தானையில் முடிந்து வைத்தீர்களே, அவிழ்த்துப் பாருங்கள். லாபான் சொன்ன அதே பதில்!

அந்த மேனேஜர் யாரென்று நேற்று எனக்குத் தெரியாது. இன்று வரவேற்புரையில் தலைவரின் பெயரைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நேற்றுக் காரிலிருந்து இறங்கிய அதே முகம்! இருந்தும் 'பெருந்தகை' என்று விளித்துத்தான் பேச்சைத் தொடங்கினேன். மேடை வழக்கம்! வழக்கம் என் நாக்கிலும் எவ்வளவு எளிதாக உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள்.

சலசலக்காதீர்கள். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நேரமாகிவிட்டது, முடிக்கவும்.' முடிக்கிறேன் ஐயா. உண்மையிலேயே நேரமாகிவிட்டது. நாளைக்குத் திங்கட்கிழமை.

தலைவர் ஒருவரை மட்டும் நான் கேட்டுவிட்டுப் போனால், நீங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். போக விடமாட்டேன். நேற்று மாலை சித்தி சோறு போட்டார். "இப்படி அநியாயம் நடக்குதே, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சித்தி?" என்று கேட்டேன். "ஆடிட்டுன்னா அப்படித்தான் கண்ணு. நமக்கு எதுக்கு பேஜாரு?" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைத் தூக்கி வளர்த்த கை அது. வெள்ளைக்காரனை ஏமாற்றுகிறோம் என்றுதானே நினைத்தீர்கள்? அவன் விமானம் ஏறிப் போய்விட்டான். ஏமாந்து நிற்பது யார்? உங்கள் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து தைக்கிறவள்! வியாழக்கிழமை அத்தனை பேரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். தொட்டுக்கொள்ள ஊறுகாய் கொடுத்தீர்கள். ஒருவர், ஒரே ஒருவர், 'நம்பாதே தங்கச்சி' என்று சொல்லக்கூடாதா?

யார் பின்வரிசையில் எழுந்து நிற்பது? சொல்லுங்கள் அம்மா, மைக் வேண்டாம், கேட்கிறது. அஜீஸுன்னிசா அம்மா சொல்கிறார்: "நானும் சொல்லலம்மா. சொன்னா என் வேலை போய்டும்னு பயந்துட்டேன்." நன்றி அம்மா. அது கிபியோனார் சொன்ன பதில். உங்கள் பயம் பொய்யில்லை, எனக்குத் தெரியும். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு மேடையில் நிற்கிற எனக்கு, பயப்படாதீர்கள் என்று உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அந்த அம்மாவின் தோளில் தூங்குவது யார் என்று திரும்பிப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முத்துமாரியின் குழந்தை!

இப்போது யோசுவாவின் கதையை முடிக்கிறேன். வஞ்சகம் வெளிப்பட்டதும் ஜனங்கள் கொதித்தார்கள். யோசுவா என்ன செய்திருக்கலாம்? ஏமாற்றி வாங்கிய வாக்கு எப்படிச் செல்லும் என்று உதறியிருக்கலாம். உதறினானா? உதறவில்லை. அவர்களை விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் வைத்தான், அது தண்டனை. ஆனால் சபைக்கு முன்பாகக் கொடுத்த சொல், கொடுத்ததுதான் என்று நின்றான். பிறகு ஐந்து ராஜாக்கள் கிபியோனை வளைத்தபோது, தன்னை ஏமாற்றிய அதே ஊருக்காக இராமுழுதும் நடந்து போய்ப் போரிட்டான்.

சபையோரே! ஏமாந்தவனே தன் சொல்லைக் காத்தானே, ஏமாற்றியவர் காக்க வேண்டாமா? ஏமாற்றி வாங்கிய வாக்கே செல்லும் என்றால், ஏமாற்றுவதற்காகக் கொடுத்த வாக்கு செல்லாமல் போகுமா? வெள்ளிக்கிழமை அந்தக் கதவைத் திறந்தீர்கள். தொட்டில் கட்டினீர்கள். 'எங்கள் தாய்மார் நிம்மதியாக வேலை செய்கிறார்கள்' என்று கடல் கடந்து வந்தவரிடம் சொன்னீர்கள். சொல்லிவிட்டீர்கள் ஐயா! அந்தச் சொல்லை நம்பி ஒருத்தி தன் வீட்டின் ஒரே துணையையும் வேலைக்கு அனுப்பிவிட்டாள். இனி அந்தச் சொல் உங்களுடையதில்லை, அது அவளுடையது!

நாளைக் காலை எட்டரை மணிக்கு, வெள்ளிக்கிழமை பிள்ளையோடு வந்த தாய்மார் யார் யார் திரும்பவும் பிள்ளையோடு வருவீர்கள்? கையைத் தூக்குங்கள். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையையும் பிடித்துத் தூக்குங்கள்... ஒன்று. அங்கே ஒன்று. சித்தி, நீங்களுமா? உங்களுக்கு ஏது கைக்குழந்தை? சிரிக்காதீர்கள், சித்தி ஏதோ சொல்கிறார். "நான் முத்துமாரி பையைத் தூக்கினு வர்றேன்." வாருங்கள் சித்தி. நேற்று இறங்காத சோறு இன்றைக்கு இறங்கும்.

தலைவர் எழுந்திருக்கிறார். கூட்டத்தை முடித்துவிட்டதாக அறிவிக்கப் போகிறாரோ? இல்லை, மைக் கேட்கிறார். தருகிறேன் ஐயா, பேசுங்கள்.

"நான்... முதலாளிகிட்ட பேசறேன். சாவி என்கிட்டதான் இருக்கு. நாளைக்குத் திறக்கறேன்மா."

கேட்டீர்களா? கைதட்டுகிறீர்கள். எனக்குத் தட்டக் கை வரவில்லை, மன்னியுங்கள். நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வியாழக்கிழமை 'பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்' என்று சொன்னதும் இதே வாய்தான். ஆகவே ஐயா, வாக்குக்கு நன்றி. இன்றிரவு ஊர் திரும்ப எடுத்திருந்த டிக்கெட்டை நான் ரத்துசெய்துவிடுகிறேன். நாளை எட்டரைக்கு, கிளியும் முயலும் வரைந்த அந்தக் கதவுக்கு முன்னால் நானும் நிற்பேன். பூட்டு திறந்திருந்தால், இந்தக் கூட்டத்திலேயே முதல் ஆளாக உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். பூட்டியிருந்தால் நேற்று ஒருத்தி கேட்ட கேள்வியை இத்தனை பேரும் சேர்ந்து கேட்போம்.

முத்துமாரி, நாளைக்குக் குழந்தையோடு வா அம்மா. போர்வையையும் எடுத்து வா.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பொறுக்காமல் எழுந்து நின்று பேசிய அஜீஸுன்னிசா அம்மாவுக்கும், கை உயர்த்திய தாய்மாருக்கும், கடைசியில் எழுந்து நின்ற தலைவருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் ஸ்தோத்திரம், சலாம், வணக்கம். காலையில் கதவருகே சந்திப்போம்.