கத்தரி படாத அங்கி

பட்டுத்துணியை வெயிலில் உலர்த்தக் கூடாது என்பது குமாரபாளையத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், இன்ஸ்பெக்டர் மேடம். என் கணவர் குமரகுருவுக்குத் தெரியாது. துண்டும் லுங்கியும் ஏற்றுமதி செய்தே பழகியவர். ஹாங்காங் ஏலத்தில் எடுத்து வந்த சீன அரச அங்கியை மொட்டைமாடிக் கொடியில் போட்டார். ஓடிப்போய் எடுத்தது நான்தான்.

அன்றிலிருந்து அது என் பொறுப்பு. நீலப் பட்டில் ஒன்பது டிராகன்கள். எட்டு வெளியே தெரியும். ஒன்பதாவது முன்மடிப்புக்குள், உடுத்தியவருக்கு மட்டும் தெரிய ஒளிந்திருக்கும். பொன்னிழையைத் துணிக்குள் கோத்திருக்க மாட்டார்கள். மேலே படுக்கவைத்து மெல்லிய பட்டு நூலால் பிடித்துத் தைத்திருப்பார்கள். ஓரிடத்தில் வெட்டினால் வரிசையாகப் பிரிந்து வரும். ஒரு டிராகனின் நகம் பிரிந்திருந்தது; ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்தேன். பிள்ளை இல்லாதவளுக்கு ஒரு பொழுதுபோக்கு என்று சிரித்தார் அவர். நானும் சிரித்துவைத்தேன்.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "உஷா, அந்த டிராகனையெல்லாம் தனித்தனியா வெட்டிச் சட்டம் போட்டு வெளிநாட்டு பையருங்களுக்குக் குடுத்தர்றேன். அசந்துருவாங்க."

"வேண்டாமுங்க."

"துணிதான புள்ள?"

துணிதானாம்.

அவருக்கு வீசிங் உண்டு; மூச்சு இழுத்தால் வாயில் அடித்துக்கொள்ள மருந்துப் பம்பு வைத்திருப்பார். அந்துருண்டை வாசம் ஆகவே ஆகாது. அதனால் அங்கிக்கு வேப்பிலைதான் வைப்பேன். வெட்டுவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில், பெட்டி நிறைய அந்துருண்டை போட்டு மூடினேன். மத்தியானம் கத்தரியும் சாக்பீஸுமாக வந்து பெட்டிமேல் குனிந்தார். இரண்டு கோடு போடுவதற்குள் மூச்சு இழுத்தது. "பம்பு... பம்பு எடு புள்ள" என்றார்.

பம்பு என் கையில்தான் இருந்தது. அதை அவரும் பார்த்தார். அங்கியின் மேல் விழுந்துவிடாமல் தோளைப் பிடித்துத் தள்ளி உட்காரவைத்தேன். எல்லாம் அடங்கியபின் பம்பை அவர் கையில் வைத்தேன். உருண்டைகளைப் பொறுக்கினேன். சாக்பீஸ் கோடுகளை மெல்லத் தட்டிவிட்டேன். இழுப்பில் போய்விட்டார் என்று டாக்டரும் எழுதிக்கொடுத்தார்.

தப்பு செய்தது துக்க வீட்டில்தான். வெட்டுகிற பேச்சை யாரும் கிளறக் கூடாதென்று, "அந்த அங்கின்னா அவருக்கு உசுருங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் அழுதேன். கொழுந்தன் ஜெயபிரகாஷ் அதை நம்பிவிட்டான். அவரவர் தறியில் நெய்த துணி போர்த்தித்தான் எங்கள் வீட்டு ஆண்களைச் சுடுகாட்டுக்கு அனுப்புவது வழக்கம். அண்ணனுக்குத் தறி இல்லையே என்று, அங்கியை எடுத்து வந்து போர்த்தினான். தடுத்தால் என் அழுகை பொய்யாகிவிடும். மேலே போட்ட பட்டுத்துணியையெல்லாம் சுடுகாட்டில் உருவிவிடுவார்கள், திரும்பி வந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன். பெண்கள் அங்கே போவதில்லை. ஆண்கள் காவிரியில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வாசலுக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "அங்கி எங்கே?"

"அண்ணங்கூடவே போயிருச்சுங்க அண்ணி" என்றான் ஜெயபிரகாஷ். சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவன் உங்களிடம் புகார் கொடுக்க வந்ததும் அதனால்தானே?

வருத்தம் உண்டா என்கிறீர்கள். இல்லை. நான்தான் கொன்றேன். அந்த மத்தியானம் திரும்பி வந்தாலும் பம்பைக் கொடுக்க மாட்டேன். ஆனால் ஒன்றை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது டிராகனும் ஒன்றாகவே போயின. ஓர் இழையில்கூடக் கத்தரி படவில்லை. அதை நான் காப்பாற்றிவிட்டேன், மேடம்.